பாலை: நிலமா, வழியா?

ஐந்திணையைக் கற்பிக்கும் பாடநூல்கள் குறிஞ்சியை மலையோடும், முல்லையைக் காட்டோடும், மருதத்தை வயலோடும், நெய்தலைக் கடலோடும் சார்த்திக் கூறியபின், பாலையை மணலோடு சார்த்தி முடிக்கின்றன. மணலும் மணல் சார்ந்த இடமும் பாலை என்னும் இவ்வாய்பாடு பள்ளியிற் புகுந்து, கல்லூரியில் நிலைத்து, முதுகலைத் தேர்வின் விடைத்தாள் வரை தொடர்ந்து வருகின்றது. இதனை நெஞ்சிற் கொண்ட மாணவன் அகநானூற்றைத் திறக்குங்கால் திகைப்படைகின்றான். அவன் எதிர்பார்ப்பது ஒட்டகம் செல்லும் மணற்பரப்பு. பாட்டிற் காண்பதோ யானை உரித்த மரப்பட்டை, உலர்ந்து தீப்பற்றும் மூங்கில், புலி உறையும் கல்முழை, பருந்து அமரும் உயர்ந்த மரக்கிளை. இரண்டும் பொருந்தாமை கண்டு, பாலை என்பது புலவர் தம் கற்பனையிற் படைத்த நிலம் என்று அவன் எளிதில் முடிவு செய்துவிடுகின்றான். அம்முடிவு நம் பழம்பாடல்களுள் மிகப் பெரியதொரு பகுதியைப் பொருளற்ற மரபாக ஆக்கிவிடும்.

பகுதி பெரியது என்பதனை எண்ணிக்கையே காட்டும். அகநானூற்றின் 400 பாடல்களுள் ஒற்றைப்படை எண் பெற்றவை அனைத்தும் பாலை, அவை 200. எஞ்சிய நான்கு திணைகளும் சேர்ந்தே மற்றை 200 பாடல்களைப் பெற்றன. ஐங்குறுநூற்றில் ஓதலாந்தையார் பாடிய நான்காம் நூறு பாலை. கலித்தொகையில் பெருங்கடுங்கோ பாடிய பாலைக்கலி 35 பாடல்கள். இத்துணைப் பெரும்பரப்பை ஒரு பிழைபட்ட வாய்பாட்டின் வழியே நுழைந்து கற்பது முறையாகாது. பாலைப் பாடல்கள் காட்டுவது மணலையா கல்லையா, அவை கூறுவது ஒரு நிலத்தையா ஒரு வழியையா என்னும் இரண்டு வினாக்களை எழுப்பி விடைகாண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணலும் கல்லும்

முதல் வினாவிற்குப் பாடல்களின் சொற்களே விடை தரும். பாலையில் நடப்போர் அடியை வருத்துவது பரல், அஃதாவது பருக்கைக் கல். அவர் கடப்பது குன்றம், அறை, அடுக்கம், விடர், முழை. அறை என்பது பாறை. அடுக்கம் என்பது மலைச்சாரல். விடர் என்பது மலைப்பிளவு. முழை என்பது குகை. வழிப்பறி செய்வார் கையில் இறந்தோர் உடலை மூடிய கற்குவியலுக்குப் பதுக்கை என்று பெயர். ஆநிரை மீட்டு வீழ்ந்த மறவர்க்குப் பெயர் பொறித்து நட்டது நடுகல். வழிச்செல்வோர் அக்கல்லில் தேய்ந்து மறைந்த எழுத்தை முற்றும் படிக்க இயலாமல் வேறு பொருள் கொண்டு செல்லும் காட்சியையும் அகநானூறு காட்டுகின்றது. இஃது வெறும் புனைவு அன்று என்பதற்குத் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் வெளிப்பட்ட தமிழ் எழுத்துப் பொறித்த பழைய நடுகற்களும், செங்கம் வட்டாரத்து நடுகற்களும் சான்றாக நிற்கின்றன.

மணல் பாலைப் பாடல்களில் அறவே இல்லை என்று கூறுவதற்கில்லை. நீர் வற்றிய ஆற்றின் மணலைப் புலவர் கூறுவர். ஆயின் மணலை விரும்பிப் பாடுவது நெய்தல் திணையே. ஞாழலும் புன்னையும் நிழல் செய்யும் வெண்மணற்பரப்பு அங்குத்தான் உண்டு. ஆகவே மணலைப் பாலைக்குத் தந்த வாய்பாடு, நெய்தலின் உடைமையை எடுத்துப் பிறிதொன்றற்கு அளித்ததாகின்றது. தமிழ்நாட்டின் வெம்மை கல்லின் வெம்மை. பகலில் வெயிலை உண்டு மாலையில் அதனை உமிழும் பாறையின் வெம்மையைச் சித்திரைத் திங்களில் பல்லாவரத்துக் குன்றிலோ திரிசூலத்துக் குன்றிலோ ஏறியவர் நன்கறிவர்.

இலக்கணம் கூறுவது

இனி இரண்டாம் வினா. தொல்காப்பியர் அகத்திணை ஏழனுள் கைக்கிளையையும் பெருந்திணையையும் இருபுறத்தும் நிறுத்தி, இடைப்பட்ட ஐந்தனுள் நடுவணதாகிய பாலையை விலக்கி, எஞ்சிய நான்கிற்கே உலகத்து நிலத்தைப் பகுத்தளித்தார். பாலைக்கு அவர் தந்தது பொழுது மட்டுமே. நண்பகலும் வேனிலும் அதற்குரியன என்றும், பின்பனியும் உரித்து என்றும் வகுத்தார். நிலம் பெறாது காலம் மட்டும் பெற்ற திணை ஒன்று உண்டு என்பது வியப்பிற்குரியது. தொல்காப்பியர் இதனை மறதியால் விட்டார் என்று கூற இயலாது. விலக்குகின்றேன் என்று வெளிப்படையாகக் கூறியே விலக்கினார்.

இவ்விலக்கிற்குரிய காரணத்தை இளங்கோவடிகள் கதைப்போக்கில் விளங்கவைத்தார் என்று கருதலாம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் துயர் தரும் பாலை வடிவினைக் கொள்ளும் என்னும் கருத்துச் சிலப்பதிகாரத்தில் இடம்பெறுவதனை யாவரும் அறிவர். பலரும் அதனை எடுத்தாண்டும் வருகின்றனர். ஆயின் அக்கருத்தை யார், யாரிடம், எங்கு நின்று கூறினார் என்பதனைப் பெரிதும் எண்ணிப் பார்ப்பதில்லை. அஃது இடம்பெறுவது காடுகாண் காதையில். கூறுபவன் மாங்காட்டு மறையோன். அவன் தானும் ஒரு வழிச்செல்வோன். கேட்பவன் மதுரைக்கு வழி வினவிய கோவலன். மறையோன் முதலில் நீவிர் புறப்பட்டு வந்த காலம் இத்தகையது என்று இரங்குகின்றான். அதன் பின்னரே மூவிலைச் சூலம் போலப் பிரியும் மூன்று வழிகளை விரித்துரைக்கின்றான். பாலையைப் பற்றித் தமிழில் நமக்குக் கிடைத்த மிகத் தெளிவான விளக்கம், வழி கேட்டானுக்கு வழி கூறுவான் வாயினின்று, பயணத்திற்கேற்ற பருவம் இதுவன்று என்னும் இரக்கத்தோடு பிறந்தது என்பது கருதத்தக்கது. காட்டிலும் மலையிலும் வாழ்வார்க்கு அது முல்லை, குறிஞ்சி. அதனையே வேனில் நண்பகலில் கடந்து செல்வார்க்கு அது பாலை. ஒரு நிலத்தின் மேல் ஒரு காலமும் ஒரு பயணமும் வந்து பொருந்துங்கால் பாலை தோன்றுகின்றது. இதனாலேயே அதற்குத் தனிநிலம் வேண்டாதாயிற்று.

பாலைக்குரிய சொற்களும் இதற்கு அரண் செய்கின்றன. ஆறு, அதர், அத்தம், நெறி, இயவு, கவலை ஆகிய அனைத்தும் வழியைக் குறிக்கும் சொற்கள். சுரம் என்னும் சொல்லும் அருவழி என்னும் பொருளுடையது. இவற்றுள் கவலை என்பதனைத் தனித்து நோக்குக. கிளைத்துப் பிரியும் வழிக்கும் ஒருவழிப்படாத மனத்திற்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்கியது. எவ்வழிச் செல்வது என்று அறியாது நிற்கும் செலவினனும், சென்றவன் வருவானோ வாரானோ என்று அறியாது நிற்கும் தலைவியும் இச்சொல்லில் ஒன்றுபடுகின்றனர்.

ஐங்குறுநூற்றின் அமைப்பு

இக்கருத்திற்கு வலுவான சான்று ஐங்குறுநூற்றின் அமைப்பில் உண்டு. மருத நூற்றிலும் குறிஞ்சி நூற்றிலும் பத்துக்களின் பெயரை நோக்கின், அவற்றுட் சிலவற்றில் நிலத்தின் கருப்பொருள் இடம்பெறுதல் விளங்கும்: வேழம், களவன், எருமை என மருதத்திலும், குன்றக்குறவன், கேழல், குரங்கு, கிள்ளை, மஞ்ஞை எனக் குறிஞ்சியிலும் பெயர்கள் அமைந்துள்ளன. பாலை நூற்றிலோ ஒரு விலங்கின் பெயரும் பறவையின் பெயரும் தலைப்பாக இல்லை. செலவழுங்குவித்த பத்து, செலவுப் பத்து, இடைச்சுரப் பத்து, தலைவி இரங்கு பத்து, இளவேனிற் பத்து, வரவுரைத்த பத்து, முன்னிலைப் பத்து, மகட்போக்கியவழித் தாயிரங்கு பத்து, உடன்போக்கின்கண் இடைச்சுரத்து உரைத்த பத்து, மறுதரவுப் பத்து என்பன அவை. இப்பத்தனுள் ஏழு, பெயரளவிலேயே செல்லுதலையோ வருதலையோ இடைவழியையோ சுட்டுகின்றன. செலவைத் தடுத்தலில் தொடங்கி மீட்சியில் முடியும் இவ்வரிசை ஒரு பயணத்தின் வரிசையாகும். தொகுத்தோர் பாலையை வழியாகவே கண்டனர் என்பதற்கு இதனினும் சிறந்த அகச்சான்று வேண்டா.

வேங்கடத்திற்கு அப்பால்

பாலை கல்வழி என்பதனை இக்காலத்தார் தாமே கண்டறியும் வாய்ப்பும் உண்டு. தாம்பரம், வண்டலூர் முதலிய சென்னைத் தென்புறநகர்களிலிருந்து விடுமுறை நாட்களில் உந்துகளில் வடமேற்கு நோக்கிச் செல்வோர் பலர். வெளிவட்டச் சாலையேறித் திருவள்ளூர், திருத்தணி கடந்து திருப்பதியை அடைந்து, அங்கிருந்து இரேணிகுண்டா, கோடூர், இராசம்பேட்டை வழியாகக் கடப்பைக்கும், பின்னர்ச் சம்மலமடுகுவை அடுத்த கண்டிக்கோட்டைக்கும் அவர் செல்கின்றனர். சென்னையிலிருந்து ஏறக்குறைய 350 கிலோமீட்டர் தொலைவு. அங்கே, தமிழர் வடபெண்ணை என வழங்கும் பென்னாறு, எர்ரமலைத் தொடரை ஊடறுத்து ஏறக்குறைய 300 அடி ஆழமுள்ள கெவியில் ஓடுகின்றது. எர்ரமலை என்பது செம்மலை என்னும் பொருளது. கண்டி என்னும் தெலுங்குச் சொல் மலையிடுக்கைக் குறிக்கும். நூறு கோடி ஆண்டிற்கும் முற்பட்ட பாறை, அடுக்கடுக்காகச் செந்நிறத்தில் இருகரையிலும் செங்குத்தாக நிற்கின்றது. அமெரிக்க நாட்டுக் கொலராடோ ஆற்றின் பெருங்கெவியோடு இதனை ஒப்பிட்டுப் பேசுவது இன்று வழக்கமாகிவிட்டது. தாம்பரத்து வீடுகளின் அடுப்படி மேடையிலும் அலமாரித் தட்டிலும் பதித்த கருங்கல் கடப்பைக்கல் என்னும் பெயரோடு வந்ததும் அந்நாட்டிலிருந்தே.

சங்கப் புலவர்க்கு வேங்கடம் தமிழ்நாட்டின் வடவெல்லை. அதற்கு அப்பாற்பட்டது மொழி வேறுபட்ட வடுகர் நாடு. பொருள் தேடிச் சென்ற தலைவன் அவ்வெல்லையைக் கடந்தான் என்று மாமூலனார் மீண்டும் மீண்டும் பாடுகின்றார். கள்வர்க்குத் தலைவனாகிய புல்லியின் வேங்கடம் அவர் பாடல்களிற் பலகாலும் வருகின்றது. மோரியர் தம் தேர்ச்சக்கரம் செல்லுதற்பொருட்டு மலையை வெட்டி வழி செய்த செய்தி அகநானூற்றில் ஒன்றிற்கு மேற்பட்ட பாடல்களிற் காணப்படுகின்றது. மலையை அறுத்துச் செய்த அவ்வழியைப் பாடிய புலவர், அரசியற் செய்தியைக் கூற எண்ணிப் பாடினாரல்லர். தலைவன் சென்ற வழி எத்தகையது என்று கூறவே பாடினார். வரலாற்றாசிரியர் பொன்போற் போற்றும் அச்செய்தி, பாட்டில் ஒரு வழியின் அடைமொழியாகவே அமைந்தது. கடப்பை என்னும் ஊர்ப்பெயர் வாயிற்படி என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல்லடியாகப் பிறந்தது என்றும், வேங்கடத்திற்கு வடக்கிலிருந்து வருவார்க்கு அது வாயிலாக அமைந்தது என்றும் கூறுவர். வடக்கிலிருந்து வருவார்க்கு வாயிலாகியது, தெற்கிலிருந்து சென்ற தலைவனுக்கு வீட்டினின்று மிகத் தொலைவாகியது.

இவ்வொப்புமையைக் கொண்டு கண்டிக்கோட்டைக் கெவியே சங்கப் பாலை என்று துணிதல் கூடாது. அது மணல் வாய்பாட்டை விடுத்துப் பிறிதொரு வாய்பாட்டைப் பற்றுவதாகும். பாலை பாடிய பெருங்கடுங்கோ சேர மரபினர். அவர் கண்ட சுரம் மேற்கு மலையடிவாரத்தினதாக இருத்தலும் கூடும். கோவலன் கடந்த சுரம் சோழநாட்டிற்கும் பாண்டிநாட்டிற்கும் இடைப்பட்டது. வடுகர் நாட்டுச் செம்பாறை வழி நமக்குத் தெளிவிப்பது ஒன்றே: கல்லும் பிளவும் வெயிலும் நிறைந்த நீண்ட வழிகளைத் தமிழர் அறிந்திருந்தனர், மணற்காட்டைக் கற்பனை செய்ய வேண்டிய நிலையில் அவர் இல்லை.

காண்போரும் கருதுவோரும்

இன்று கெவியைக் காணச் செல்வார்க்கும் பாலைத் தலைவனுக்கும் உள்ள வேறுபாடு ஆராயத்தக்கது. இன்று செல்வார்க்குக் காட்சியே பயன். பாறையின் விளிம்பில் நின்று ஆற்றை நோக்கியதும் பயணம் நிறைவுறுகின்றது. பாலைத் தலைவனுக்குப் பயன் பொருள். பாறையும் பிளவும் இடையூறுகள். அவ்வாறாயின் அவ்விடையூறுகளை இத்துணை நுணுக்கமாகப் புலவர் பாடியது ஏன்? விடை, பேசுவோர் யார் என்பதில் உள்ளது. பாலைப் பாடல்களிற் பெரும்பாலும் பேசுவோர் வீட்டிலிருக்கும் தலைவியும் தோழியும் செவிலியும் ஆவர். அவர் வழியைக் காணவில்லை, கருதுகின்றனர்.

பாலைக்கலியில் ஒரு தலைவி, தன் தலைவன் தான் செல்லும் காட்டைப் பற்றி முன்னர்க் கூறியவற்றை நினைவு கூர்கின்றாள். கலங்கிய சிறுநீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே தான் உண்ணும் களிறும், வெம்மையால் வருந்தும் பேடையைச் சிறகால் ஆற்றும் புறாவும், நிழலற்ற இடத்தில் தன் நிழலையே பிணைக்கு அளிக்கும் கலைமானும் அங்கு உண்டு என்று அவன் கூறியிருந்தான். கூறியவன் காட்டின் கடுமையை உணர்த்தக் கூறியிருக்கலாம். அவளோ, இவற்றைக் கண்டவன் மீளாதிருப்பானோ என்று அவற்றைத் தன் நம்பிக்கைக்குச் சான்றாக்கிக் கொள்கின்றாள். குறுந்தொகையிலும் பெருங்கடுங்கோ இம்முறையைக் கையாள்கின்றார். பிடியின் பசி தீர்க்க யா மரத்தின் பட்டையை உரிக்கும் களிறுடைய வழி அவர் சென்ற வழி என்று தோழி ஆற்றுவிக்கின்றாள். ஆகவே காட்சி என்பது கண்ணிற்கு விருந்தாகாமல், நெஞ்சிற்குச் சான்றாகின்றது. இலக்கணத்தார் இறைச்சி என்று கூறியதன் பயன் இத்தகைய இடங்களிலேயே முழுதும் விளங்கும்.

மாமூலனார் பாடல்களும் இவ்வாறே. விழாச் சிறப்புடைய வேங்கடத்தையே பெறினும் அவன் அங்குத் தங்கான் என்று ஒரு பாட்டு ஆற்றுவிக்கின்றது. நந்தரின் பெருஞ்செல்வத்தையே எய்தினும் தங்கான் என்று மற்றொரு பாட்டு கூறுகின்றது. குறுந்தொகையில் அவர் பாடிய தலைவியோ, கட்டியின் நாட்டிற்கு அப்பால், மொழி வேறுபட்ட நாடாயினும் அங்குச் செல்ல எழுக என்று தன் நெஞ்சை ஏவுகின்றாள். உடல் செல்லாத வழியில் நெஞ்சு செல்கின்றது.

இங்கு ஒரு தடை எழும். தலைவனே இடைச்சுரத்து நின்று பேசும் பாடல்கள் பல உள்ளனவே என்பது அது. உள்ளன, ஆயின் அவனும் சுரத்தை வியந்து நிற்பதில்லை. கல்வழியில் நின்றுகொண்டு வீட்டை நினைக்கின்றான். வீட்டிலிருப்பவள் வழியை நினைக்க, வழியில் இருப்பவன் வீட்டை நினைக்கின்றான். இருவர் நினைவும் எதிரெதிரே செல்லும் அவ்விடைவெளியே பாலை. பட்டினப்பாலை இதன் எல்லை எனலாம். அப்பாட்டின் 301 அடிகளிற் பெரும்பகுதி காவிரிப்பூம்பட்டினத்தின் வளமும் கரிகாலன் வென்றியுமே. தலைவன் புறப்படவே இல்லை. காட்டின் வெம்மையைக் கரிகாலன் வேலோடு ஒப்பிட்டு, வாரேன் என்று நெஞ்சிற்குக் கூறி நின்றுவிடுகின்றான். சுரத்தில் ஓர் அடியும் வையாத பாட்டு பாலை என்று பெயர் பெற்றதெனின், பாலையை நிலம் என்பார் அதற்கு எவ்வாறு விளக்கம் கூறுவர்?

மற்றொரு தடை, சிலப்பதிகார வேட்டுவ வரியில் எயினர் குடியும் கொற்றவை கோயிலும் நிலைபெற்ற நிலமாகக் காட்டப்படுகின்றனவே என்பது. எயினர் வாழ்க்கை வழிச்செல்வோரைச் சார்ந்தது. வழி இன்றேல் ஆறலைத்தல் இல்லை. கொற்றவை கோயிலும் கோவலன் கண்ணகி கவுந்தி ஆகியோர் வெயிலுக்கு ஒதுங்கிய இடமாகவே கதையுள் வருகின்றது. ஆகவே அவ்வரியும் வழியை விட்டு விலகவில்லை.

ஆற்றுப்படையோடு ஒப்பிடின் பாலையின் தனித்தன்மை மேலும் விளங்கும். தாம்பரத்திலிருந்து தெற்கே செல்லும் பெருஞ்சாலை திண்டிவனத்தை அடைகின்றது. திண்டிவனத்தை அடுத்த கிடங்கில், சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அப்பாட்டின் தொடக்கத்திலும் வேனிலும் வெயிலும் பரல் நிறைந்த வழியும் உண்டு. ஆயினும் அது பாலையாகாது. அங்கு வழியைக் கூறுபவன் சென்று மீண்டவன். கேட்பவன் செல்ல இருப்பவன். எந்த ஊரில் எவ்வுணவு கிடைக்கும் என்பது வரை அவன் கூறுகின்றான். ஏ. கே. செட்டியார் முதலியோர் வளர்த்த இக்காலப் பயண இலக்கியத்தில் சென்று மீண்டவன், செல்லாதார்க்கும் சேர்த்துக் கூறுகின்றான். பாலையில் மட்டுமே செல்லாதவர் வழியைக் கூறுகின்றனர்.

இன்றைய கண்டிக்கோட்டைப் பயணக் குறிப்புகளிற் பல, தொலைவையும் உணவகத்தையும் பாறையின் நிறத்தையும் கூறுவதோடு அமைகின்றன. அவை ஆற்றுப்படையின் ஒரு கூற்றைத் தம்மையறியாமலே பேணுகின்றன. அதிற் குறை காண வேண்டுவதில்லை. ஆயின் வழியைக் காண்பது மட்டுமன்றிக் கருதுவதும் தமிழ் மரபு என்பதனை அவற்றை எழுதுவார் அறிவரேல், பாறையும் பிளவும் வெறும் படமாக நில்லாமல் பொருளுடையனவாகும்.

பாடநூல் வாய்பாட்டைத் திருத்துவது சொற்றிருத்தம் மட்டுமன்று. பொருள்வயிற் பிரிவு மறைந்த வழக்கமாகிவிடவில்லை. வளைகுடா நாடுகளுக்குத் தொழில்தேடிச் செல்வார் தமிழகத்தில் இன்றும் பலர். மணலே பாலை என்று கற்ற மாணவன், அவர் சென்ற இடத்து மணலைக் கண்டு அதுவே பாலை என்பான். செல்பவனுக்கும் அவன் இல்லத்தார்க்கும் இடையே கிடக்கும் தொலைவும், அத்தொலைவை இருவரும் நினைக்கும் நினைவுமே பாலை என்று கற்றவனோ, சென்னை விமான நிலையத்து வாயிலில் நின்று வழியனுப்பும் பெண்ணின் முகத்திலேயே அதனைக் காண்பான். அவன் வேலை செய்யும் ஊர் மணலூராயினும் மழையூராயினும் திணை மாறுவதில்லை.

இதுகாறும் கூறியவற்றால், பாலைப் பாடல்களின் இயற்கை மணலினும் கல்லையே பெரிதும் சார்ந்தது என்பதும், தொல்காப்பியர் பாலைக்கு நிலம் வகுக்காமை அதனை வழியாகக் கொண்டமையால் என்பதும், இளங்கோவடிகளின் விளக்கமும் ஐங்குறுநூற்றின் அமைப்பும் இதற்கு அரணாவன என்பதும், அவ்வழி காண்பார் வாயினின்றும் பிறவாமல் கருதுவார் வாயினின்றே பெரும்பாலும் பிறந்தது என்பதும் பெறப்பட்டன. மணல் வாய்பாட்டைப் பாடநூலினின்று நீக்கி, மலையும் காடும் வேனிலிற் கடந்து செல்லும் அருவழியாக மாறிய நிலையே பாலை என்று கற்பித்தல், அகநானூற்றின் ஒரு பாதியை மாணவர்க்கு மீட்டுத் தருவதாகும்.